மோரே: எல்லையில் தங்கிவிட்ட தமிழர்

பாரத தேசத்தின் படத்தை விரித்து மணிப்பூரின் கிழக்கு ஓரத்தை நோக்கினால், பர்மா எல்லையை ஒட்டி மோரே என்னும் சிற்றூர் தென்படும். இம்பாலிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். எதிர்ப்புறம் பர்மாவின் தமு நகரம். குக்கிகளும் நேபாளிகளும் வாழும், 2023 வரை மெய்திகளும் வாழ்ந்த அவ்வூரில் அங்காள பரமேசுவரிக்குக் கோவில் உண்டு. தமிழ்ச் சங்கம் உண்டு. இட்லியும் தோசையும் உண்டு. இவை அங்கே சென்ற வரலாற்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

1942-இல் ஜப்பானியர் பர்மாவில் புகுந்தபோது, லட்சக்கணக்கான இந்தியர் தாயகம் நோக்கி ஓடிவந்தனர். பலர் கால்நடையாக வந்த வழி இந்தத் தமு வழியே. நடக்க நடக்க மூட்டைகள் குறைந்தன, உயிரே பெரிதாயிற்று. யுத்தம் ஓய்ந்ததும் பலர் திரும்பிச் சென்று மீண்டும் கடை வைத்தனர், வயல் உழுதனர்.

1962-இல் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் வியாபாரமும் சர்க்கார் வசமாயின. 1964 மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாதவையென அறிவிக்கப்பட்டன. பெட்டியடியில் பத்திரப்படுத்திய பணம் ஒரே நாளில் வெறுங் காகிதமாயிற்று. சுமார் மூன்று லட்சம் இந்தியர் வெளியேறினர். நகைகளைக்கூட விருப்பம்போல் எடுத்துவர இயலவில்லை.

அவர்களிற் பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். தமிழ்நாடு அவர்களுக்குப் பெற்றோர் சொன்ன கதை மட்டுமே. முகாம் வாழ்க்கை ஒவ்வாத சிலர், மணிப்பூர் வழியாகப் பர்மாவுக்கே திரும்பப் புறப்பட்டனர். எல்லையில் பர்மியக் காவலர் தடுத்தனர். முன்னும் போக முடியாமல், பின்னும் போக மனமின்றி, மோரேயிலேயே தங்கிவிட்டனர்.

கையில் முதலில்லை; ஆயினும் நாவில் பர்மிய பாஷை இருந்தது. எல்லை கடந்த வியாபாரத்துக்கு அதுவே மூலதனமாயிற்று. பர்மா கொடுத்த நோட்டுகள் செல்லாமற் போயின. பர்மா கொடுத்த பாஷை செல்லுபடியாயிற்று! 1995-இல் இரு சர்க்கார்களும் அவ்வழி வியாபாரத்தை முறைப்படி திறந்தன.

ஆனால் 1990-களின் கலகங்களால் பலர் ஊரைவிட்டு அகன்றனர். 2023 மே மாதக் கலவரத்தில் தமிழர் வீடுகளும் எரிந்தன. அது அவர்கள் சண்டையன்று. சாம்பலானது அவர்கள் உடைமை.

1942, 1964, 2023 என மூன்று முறை உடைமை இழந்த சமூகம் இது. ஒவ்வொரு முறையும் எஞ்சியவை தாய்மொழியும் குலதெய்வமும் உழைப்பும். எல்லைக் கோட்டைச் சேனை காக்கிறது. கோட்டருகே குடியிருப்போரைக் காப்பது தேசத்தின் கடன். அவர்களும் நம்மவரே என்று அறிவதே அதற்கு முதற்படி.