பல்லாங்குழியும் கணினியும்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன் பட்டியலில் சேர்த்தது. நாற்பது சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுடைய பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை அது உரிமையாக்கியது. சர்க்கார் உத்தியோகத்தில் அவர்களுக்கும் பங்கு வகுத்தது. ஆற்றின் இரு கரைகளும் கட்டப்பட்டன, பாலத்தைத்தான் காணோம். பதினெட்டு கடந்த வாலிபன் ஒருவன் உசிலம்பட்டியை அடுத்த எழுமலையில் இருந்தால், தொழிலும் பழக்கமும் கற்க எங்கே செல்வான்? பட்டணத்துக்கு அழைத்துச் செல்லப் பணமும் பொழுதும் இல்லாத பெற்றோர் என்ன செய்வர்?

விளையாட்டே இதற்கு வழி காட்டுகிறது. அமெரிக்க மனோதத்துவ நிபுணர் டேனியல் லெகாஃப் ஆட்டிசமுடைய பிள்ளைகளிடம் லெகோ கட்டைகளைக் கொடுத்துப் பழக்கிய முறையை 2004-இல் வெளியிட்டார். ஒருவன் படத்தைப் பார்த்துச் சொல்வான்; மற்றொருவன் கட்டையை எடுத்துக் கொடுப்பான்; மூன்றாமவன் பொருத்துவான். பிறர் உதவியின்றி எவனும் காரியத்தை முடிக்க முடியாது. ஆகவே பேச்சும் பொறுமையும் தாமே பிறக்கின்றன. 2007-இல் வெளிவந்த ஸ்கிராச் என்னும் இலவச மென்பொருளோ, வண்ணக் கட்டங்களை அடுக்கியே கணினிக்குக் கட்டளையிடக் கற்பிக்கிறது. மாறாத விதிகளை விரும்பும் மனத்துக்கு அது உகந்தது.

இத்தத்துவம் நமக்குப் புதிதன்று. பல்லாங்குழியில் பதினான்கு குழிகள். ஒரு குழியின் காய்களை அள்ளி ஒவ்வொன்றாக இட வேண்டும். கை காலியானால் அடுத்த குழியை அள்ள வேண்டும். அது வெறுங்குழியாயின் அதைத் துடைத்து, அதற்கடுத்த குழியின் காய்களை எடுத்துக்கொண்டு, ஆட்டத்தை எதிராளிக்கு விட வேண்டும். 'திரும்பச் செய்', 'இப்படியானால் இதைச் செய்' என்னும் கணினிக் கட்டளைகள் இவையே அல்லவா? தன் முறை வரும்வரை காத்திருக்கும் பண்பும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

ஆட்டிசமுடையோர் எல்லோரும் கணிதப் புலிகள் என்பது வெறும் கதை. பேச்சே வராதவரும் உளர். ஆதலின் அவரவர் தன்மையறிந்து, சிறு குழுவாக அமர்த்தி, அவசரமின்றிக் கற்பிக்க வேண்டும். வட்டாரந்தோறும் வள மையமும் சிறப்பாசிரியரும் இருக்கின்றனர். அரசு பள்ளிகள் பலவற்றில் கணினிக் கூடங்கள் இருக்கின்றன. மாலையில் அக்கதவுகளை இவ்வாலிபர்களுக்கும் திறந்துவிட்டு, ஆசிரியருக்கு அதற்குரிய ஊதியமும் பயிற்சியும் அளிப்பது சர்க்காரின் கடமை. உள்ளூர் இளைஞர்களும் உடன் அமர்ந்து ஆட வேண்டும். பழகுவதற்கு இரு தரப்பும் கற்க வேண்டியிருக்கிறது.

உரிமையைச் சட்டப் புத்தகத்தில் எழுதிவிட்டு ஊர் எல்லையில் நிறுத்திவிடுவது நீதியாகாது. எழுமலைக்கு வந்து சேராத உரிமை எவருக்கு என்ன பயன் தரும்?