ஆவாரம்பட்டையும் கங்காரு வாலும்

1786 டிசம்பரில் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தை ஒட்டிய கடலில் 'மெட்டா கத்தரீனா' என்ற கப்பல் புயலில் மூழ்கியது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து இத்தாலியின் ஜெனோவாவுக்குச் சணலும் பதனிட்ட கலைமான் தோலும் ஏற்றிச் சென்ற கப்பல் அது. 1973இல் முக்குளிப்பவர்கள் அதைக் கண்டுபிடித்தபோது, கறுத்த சேற்றுக்குள் தோல் சுருள்கள் அப்படியே கிடந்தன. மேலே கொண்டுவந்து, கழுவி, நிதானமாக உலர்த்தி, எண்ணெய் ஊட்டியதும் அவற்றில் பல மறுபடியும் வெட்டித் தைக்கும் நிலைக்கு வந்துவிட்டன. கைவினைஞர்கள் அதில் பைகளும் காலணிகளும் செய்தார்கள். 187 ஆண்டுகள் கடலடியில் கிடந்த தோலில் செய்த பை!

நம் ஊர் வெயிலில் பச்சைத் தோலை உப்புப் போடாமல் ஒரு நாள் வைத்தால் நாற்றமெடுக்கத் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட பொருள் இரண்டு நூற்றாண்டுகள் தாங்கியது எப்படி? ஓய்வு நேரத்தில் வீட்டு மேசையில் தோல் பை செய்து பழகுகிறவர்கள் இன்று பெருகி வருகிறார்கள். எங்கே வெட்டுவது, ஏன் நனைப்பது, ஊசியை எப்படிக் குத்துவது என்று அவர்கள் கேட்பதற்கெல்லாம் இந்த ஒரு கேள்வியின் விடையிலேயே பதில் இருக்கிறது.

மாட்டுத் தோலில் நீரை நீக்கிவிட்டால் மிஞ்சுவதில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். ஒரு கொலாஜன் மூலக்கூறின் நீளம் 300 நானோமீட்டர், கனம் 1.5 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்களவை நிரப்ப இவற்றில் ஏறத்தாழ 50,000 வேண்டும். மூலக்கூறுகள் கூடி இழையாகி, இழைகள் கூடி நாராகி, நார்கள் கூடிக் கற்றையாகின்றன. கற்றைகள் தோலுக்குள் மேலும் கீழும் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றையொன்று பின்னிக் கிடக்கின்றன. துணிக்கு ஊடும் பாவும் உண்டு, வெட்டினால் ஓரம் பிரிந்து வரும். தோலின் பின்னலுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. அதனால்தான் தோலை எங்கே வெட்டினாலும் ஓரம் பிரிவதில்லை, மடித்துத் தைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இந்த மூலக்கூறின் வடிவம் சென்னையில் கண்டறியப்பட்டது என்பதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. 1951இல் லைனஸ் பாலிங் போன்ற ஒரு மேதை கொலாஜனுக்கு முன்வைத்த வடிவம் தவறாகப் போயிற்று. அந்தக் காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இயற்பியல் துறையைக் கட்டி எழுப்பிக்கொண்டிருந்தவர் ஜி. என். ராமச்சந்திரன். பக்கத்திலேயே, 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்து அவருக்குக் கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. அதில் எக்ஸ் கதிரைச் செலுத்திக் கிடைத்த படங்களைக் கொண்டு, 1954இல் அவரும் கோபிநாத் கார்த்தாவும் 'நேச்சர்' இதழில் தங்கள் விடையை வெளியிட்டார்கள்: மூன்று புரதச் சங்கிலிகள் சேர்ந்ததே ஒரு கொலாஜன் மூலக்கூறு. அடுத்த ஆண்டே அதைச் செப்பம் செய்து, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருப்பதைக் காட்டினார்கள். ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கம் முறுக்கியிருக்கிறது, மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுக்கியிருக்கின்றன. தென்னங்கயிறு திரிப்பவர் புரியை ஒரு திசையிலும் கயிற்றை எதிர்த்திசையிலும் முறுக்குவது போலத்தான் இதுவும். ஒரு முறுக்கு அவிழ முயன்றால் மற்றது இறுகும். மூன்று சங்கிலிகளும் நெருங்கும் நடுப்பகுதியில் இடம் மிகக் குறைவு. அங்கே பொருந்தக்கூடியது அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் மட்டுமே. சங்கிலியில் மூன்றுக்கு ஒன்று கிளைசினாக வருவதன் காரணம் இதுதான். தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கம் ஒன்றுக்கு இந்த வடிவத்தின் நினைவாக 'ட்ரிப்பிள் ஹீலிக்ஸ்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு உறுதியான கயிறு தண்ணீரிலும் சூட்டிலும் தோற்றுப்போகிறது. ஈரமான பச்சைத் தோலை 60, 65 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் முறுக்கு அவிழ்ந்து சுருங்கும். மேலும் காய்ச்சினால் ஜெலட்டின் ஆகிவிடும். அப்படியே காயவைத்தாலோ நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துவிடும். பறைக்கும் மிருதங்கத்துக்கும் அந்த விறைப்புதான் வேண்டும், ஆகவே அவற்றின் தோலைப் பதனிடுவதில்லை. பைக்கு அது உதவாது.

இங்கேதான் மரம் வருகிறது. கடுக்காயை நாக்கில் வைத்தால் வாய் முழுவதும் இழுத்துப் பிடிக்கும். அதிலுள்ள டானின் எச்சிலின் புரதங்களைப் பற்றித் திரளச் செய்வதால் வழவழப்புப் போய்விடுகிறது. தோல் தொட்டிக்குள் நடப்பதும் இதே வினை. டானின் மூலக்கூறுகள் நார்களுக்கிடையில் புகுந்து, அங்கிருந்த நீரை வெளியேற்றி, தங்கள் பல கைகளாலும் கொலாஜனைப் பற்றிக்கொள்கின்றன. நார்கள் ஒட்டிக்கொள்ளாமல் விலகியே நிற்பதால் தோல் வளைகிறது. பாக்டீரியாவின் நொதிகளால் புரதத்தை எளிதில் தீண்ட முடியாததால் தோல் அழுகுவதில்லை. சுருங்கும் வெப்பநிலையும் 75, 85 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. பிளிமத் கடலில் கிடந்த தோலைக் காத்தது வில்லோ மரப்பட்டையின் டானின், பிர்ச் மரத்தின் எண்ணெய், காற்றுப் புகாத சேறு ஆகிய மூன்றும்தான்.

தமிழ்நாட்டில் இந்த வேலையைச் செய்தது ஆவாரம்பட்டை. திண்டுக்கல், திருச்சி, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கங்களில் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறி, கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் முடிந்த தோல் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் உலகெங்கும் போயிற்று. அதற்கு இன்று புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆவாரம்பட்டையில் மட்டும் ஊறிய தோல் வெளிச்சம் பட்டால் சிவக்கும். கடுக்காயின் டானின் வேறு வகை, வெளிர்நிறத்தைக் காக்கும். ஆய்வகம் இல்லாத காலத்திலேயே இரண்டையும் இந்த வரிசையில் வைத்தவர்களை நினைத்து எனக்கு வியப்பு தீர்ந்ததில்லை. தொட்டிகளின் வரிசையிலும் அதே நுட்பம் இருக்கிறது. புதுத் தோல் முதலில் சத்து இறங்கிப்போன பழைய சாற்றுக்குப் போகும், பிறகுதான் படிப்படியாகக் கெட்டியான சாற்றுக்கு. எடுத்தவுடனே கெட்டிச் சாற்றில் போட்டால் மேற்பரப்பு மட்டும் பதமாகி இறுகி, உள்ளே போகும் வழியை அடைத்துவிடும். நடு, பச்சையாகவே நின்றுவிடும். அதனால்தான் பட்டைப் பதனிடலுக்கு வாரக்கணக்கு, மாதக்கணக்கு ஆகிறது.

இந்த அறிவைத் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்தவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திய சமூகம் நம்முடையது. கமலையில் நீர் கொட்டிய தோல் குழாயை அவர்கள் தைத்துத் தந்தார்கள். அந்தத் தண்ணீரில் விளைந்ததை எல்லோரும் உண்டார்கள், தைத்த கையைத் தொட மறுத்தார்கள். திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களின் வாழ்க்கையைச் சொல்லும் டி. செல்வராஜின் 'தோல்' நாவல் 2012இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. பொழுதுபோக்காக இந்தக் கலைக்குள் வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு ஊசியைத் தொட வேண்டும் என்பது என் விருப்பம்.

இன்று உலகில் விற்கும் தோலில் மிகப் பெரும்பகுதி குரோமியம் உப்பில் பதனிட்டது. 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் காப்புரிமை பெற்ற வழி அது. வேலை மிக விரைவாக முடியும், தோலும் கொதிநீரைத் தாங்கும். அதன் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பது 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன கதை. குரோம் தோலை வெட்டிப் பார்த்தால் நடுவில் பெரும்பாலும் நீலச் சாம்பல் தெரியும். பட்டைத் தோலின் நடு பழுப்பாக இருக்கும். சென்னை பெரியமேட்டுக் கடையில் தோல் வாங்கும்போது இதைப் பார்த்து வாங்கலாம். கையால் பை செய்பவருக்குப் பட்டைத் தோல்தான் சரி. நீர் பட்டால் அதன் நார்களுக்கிடையிலான பிடி சற்றுத் தளர்ந்து அவை நகரும், உலரும்போது புது இடத்தில் மறுபடி பற்றிக்கொள்ளும். நனைத்து மர அச்சில் வைத்து அழுத்தினால் அந்த வடிவத்திலேயே நிற்பதும், பூவேலை முத்திரை அழியாமல் பதிவதும் இதனால்தான். குரோம் தோல் நனைந்தாலும் உலர்ந்ததும் பழைய நிலைக்கே திரும்பப் பார்க்கும்.

முதுகுத்தண்டை ஒட்டிய பகுதியில் நார்ப் பின்னல் நெருக்கம், வயிற்றுப் பகுதியில் தளர்ச்சி. தோள் வாரை முதுகுப் பகுதியில் தண்டின் திசையிலேயே வெட்ட வேண்டும். வயிற்றில் வெட்டிய வார் சில மாதங்களில் நீண்டுவிடும். தோலின் முகப்புப் பக்கத்தில் நார்கள் மிக நுண்ணியவை, உட்பக்கம் போகப்போகத் தடித்தவை. ஆகவே தைக்கும் ஓரத்தின் கனத்தைக் குறைக்க எப்போதும் உட்புறத்தைத்தான் சீவுவார்கள்.

தையலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மெஷின் தையலில் மேல்நூலும் பாபின் நூலும் தோலின் நடுவில் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடிக்கின்றன. ஓரிடத்தில் அறுந்தால் அடுத்தடுத்த கொக்கிகள் அவிழ இடம் உண்டு. கைத்தையலில் ஒரே நூலின் இரு நுனியிலும் ஊசி கோர்த்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்றாகச் செலுத்துவார்கள். ஒவ்வொரு தையலையும் நூலின் இரண்டு கைகளும் தாங்குகின்றன. ஒன்று தேய்ந்து அறுந்தாலும் மற்றது அதே இடத்தைப் பிடித்திருக்கும். தேன்மெழுகு பூசிய நூல் என்பதால் இறுக்கிய பிறகு வழுக்குவதும் இல்லை. துளையின் வடிவமும் முக்கியம். குத்தூசியின் முனை சாய்சதுரமாக இருக்கும், அதைச் சாய்வாகப் பிடித்துக் குத்துவார்கள். துளைகள் ஒரே நேர்க்கோட்டில் நீளவாக்கில் விழுந்தால் இழுக்கும்போது அந்தக் கோட்டிலேயே தோல் கிழியும். சாய்ந்து விழுந்தால் இரு துளைகளுக்கிடையில் கிழியாத நார் கூடுதலாக நிற்கிறது. கூர்முனை நார்களைப் பெரும்பாலும் விலக்கித்தான் நுழைகிறது. ஊசி வெளியேறியதும் அவை திரும்பி வந்து நூலைச் சுற்றி நெருக்கிக்கொள்கின்றன.

கறுப்புப் பை வேண்டுமென்றால் சாயம் வாங்க வேண்டியதில்லை. இரும்பு ஆணிகளை வினிகரில் சில நாள் ஊறப்போட்டு, அந்த நீரைப் பட்டைத் தோலில் பூசினால் கண்ணெதிரே சாம்பலாகி, பிறகு கறுக்கும். இரும்பும் டானினும் சேர்ந்து தோலுக்குள்ளேயே உண்டாக்கும் நிறம் அது. கலம்காரியில் கடுக்காய் ஊறிய துணியின் மேல், வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் சேர்த்துப் புளிக்கவைத்த நீரால் கறுப்புக் கோடு இழுப்பதும் இதே வினைதான். பூசிய பிறகு சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து மீந்த அமிலத்தைப் போக்க வேண்டும். நிழலில் உலர்த்தி எண்ணெய் ஊட்ட வேண்டும். சூடான காற்று கூடாது, சுருங்கும் வெப்பநிலையை நினைவில் வைக்க வேண்டும். பையின் மேல் பூசுவதற்கு முன், வெட்டி மீந்த துண்டின் வெட்டுமுகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது நல்லது. கறுப்பு நடுவரை ஒரே சீராக இருந்தால் பட்டைச் சாறு முழுக்க இறங்கிய தோல். நடுவில் வெளிர்கோடு ஒன்று நின்றால், தொட்டியில் அந்தத் தோலுக்குப் போதிய நாள் கொடுக்கவில்லை.