பர்னாந்து யார் வீட்டுப் பெயர்?

கம்பைநல்லூருக்கும் கடலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தருமபுரி மாவட்டத்தின் இவ்வட்டாரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் அருளப்பன், ராயப்பன், சின்னப்பன், சவரிமுத்து என்று பெயரிடுவார்கள். தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னே சேர்த்துக்கொண்டால் அத்துடன் சரி. குடும்பப் பெயர் என்ற ஒன்றைச் சுமக்கும் வழக்கம் இங்கே இல்லை. பிழைப்பின் பொருட்டுத் தூத்துக்குடிக் கடற்கரையை விட்டு இங்கு வந்து குடியேறிய எங்களுக்கு மட்டும் ‘பர்னாந்து’ என்றொரு வால் தொங்கிக்கொண்டிருக்கிறது.

“நீங்கள் வெள்ளைக்கார வம்சமா?” என்று எங்களைக் கேட்காதவர் இல்லை. எங்கள் பாட்டியைக் கேட்டால் ஆம் என்பார்கள். போர்த்துக்கீசியக் கப்பல் தலைவன் ஒருவன் எங்கள் குலத்தில் பெண் கொண்டான், அவன் பெயரே வழிவழியாக வருகிறது என்பது அவர்கள் கட்சி. பள்ளி செல்லும் எங்கள் மகனுக்கோ இந்தப் பெருமை வேண்டாம். தோழர்கள் “பரங்கி” என்று கேலி செய்வதால் பெயரையே வெட்டிவிட வேண்டும் என்பான்.

வீட்டுப் பேச்சாக இருந்த இது, எங்கள் தகப்பனார் இறந்தபின் பெருஞ் சிக்கலாகவே மாறிற்று. கடற்கரை ஊரிலிருந்த பழைய வீட்டின் பொருட்டு வாரிசுச் சான்றிதழ் கேட்டு மனுக் கொடுத்தோம். எங்களில் மூத்தவரின் சான்றுகளில் ‘பர்னாந்து’ என்றும், இளையவரின் சான்றுகளில் ‘பெர்னாண்டஸ்’ என்றும் இருந்ததைக் கண்ட அலுவலர் ஒருவர், நீங்கள் இருவரும் ஒரே குடும்பத்தார்தாமா என்று வினவி மனுவைத் திருப்பிவிட்டார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளை ஓர் எழுத்து பிரித்துவிட்டது. அன்றுதான் இப்பெயரின் மூலத்தைத் தேடப் புறப்பட்டோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். போர்த்துக்கல் நாட்டில் பெர்னாந்து என்பது ஆளுக்கு இடும் பெயர். பெர்னாந்துவின் மகன் பெர்னாந்தஸ்; ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகஸ்; வாஸ்கோவின் மகன் வாஸ். தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூலை 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சிட்ட அண்டிரிக் அடிகளாரின் முழுப்பெயர் ஹென்றிக் ஹென்றிக்கஸ். முன்னது அவருடைய பெயர். பின்னது ‘ஹென்றிக்கின் மகன்’ என்று பொருள்படும் குடும்பப் பெயர். இந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டே இலக்கணத்தை விளங்கிக்கொள்ளலாம்.

பெர்னாந்து என்ற சொல்லும் ஆதியில் போர்த்துக்கீசியச் சொல்லன்று. ஐந்தாம் நூற்றாண்டில் ஐபீரிய நாட்டுக்குள் புகுந்து ஆண்ட விசிகோத்தியர் கொண்டுவந்த ஜெர்மானியப் பெயர் அது. அதன் பின்பாதி துணிவைக் குறிக்கும். முன்பாதி பயணமா, அமைதியா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. இன்னொரு செய்தி எங்கள் பாட்டியைப் பெரிதும் மகிழ்வித்தது. கோடி அற்புதர் என்று நாம் போற்றும் பதுவைப் புனித அந்தோனியார் லிஸ்பன் நகரிற் பிறந்தபோது அவருக்கு இட்ட பெயர் பெர்னாந்து என்பதே. பிரான்சிஸ்கன் சபையிற் சேர்ந்த பின்னரே அவர் அந்தோனி ஆனார்.

சரி, இப்பெயர் நம் கடற்கரைக்கு வந்தது எவ்வாறு? முத்துக்குளிக்கும் உரிமை பற்றிய கடும் பூசலில் துன்புற்ற பரதவ மக்களின் தலைவர்கள், 1530களில் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கோரினர். அவ்வாறு செய்யுமாறு அவர்களுக்கு யோசனை கூறியவர் ஜுவாவோ த குரூஸ் என்ற குதிரை வணிகர். பெயரைக் கேட்டால் ஐரோப்பியர் என்றே எண்ணுவோம். அவரோ கோழிக்கோட்டிலிருந்து சென்று, போர்த்துக்கல்லில் ஞானஸ்நானம் பெற்ற இந்தியர்! அதைத் தொடர்ந்து 1536, 1537ஆம் ஆண்டுகளில் முத்துக்குளித்துறை முழுவதும் ஞானஸ்நானம் பெற்றது. ஏறத்தாழ 20,000 பேர் என்பது வரலாற்று நூல்களில் வழங்கும் கணக்கு. திருமுழுக்கில் ஞானத்தகப்பனாக நின்ற போர்த்துக்கீசியரின் பெயரும், முழுக்களித்த குருவின் பெயரும், அரசாங்க அதிகாரிகளின் பெயரும் புதுக் கிறிஸ்தவர்களுக்கு வழங்கலாயின. பர்னாந்து, ரொட்ரிகோ, கோமஸ், மச்சாடோ, மிராந்தா, கொரைரா, மோத்தா என்று கடற்கரையெங்கும் இன்றும் ஒலிக்கும் பெயர்கள் இவ்வழி வந்தவையே.

1542ஆம் ஆண்டு இக்கரைக்கு வந்த புனித சவேரியார், திருவாங்கூர்க் கடற்கரையில் தாம் ஞானஸ்நானம் அளித்த முறையை 1545ஆம் ஆண்டு ஜனவரி மாதத்து மடலொன்றில் விவரிக்கிறார். ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப்பெயரை எழுத்தில் கொடுத்தாராம்! எழுதப் படிக்கத் தெரியாத ஒரு வலைஞர் அந்தச் சிறு துண்டைக் கையில் ஏந்தி வீடு திரும்பும் காட்சியை எண்ணிப் பார்க்கிறோம். அதை அவர் எங்கே வைத்திருப்பார்? எரவாணத்திலா, மடியிலா? மறுநாள் அண்டை வீட்டார் அவரை எந்தப் பெயரிட்டு அழைத்திருப்பர்?

1554ஆம் ஆண்டு லிஸ்பனில் தமிழ்ச் செபங்களைப் போர்த்துக்கீசியத்துடன் சேர்த்து உரோமை எழுத்தில் அச்சிட்ட நூல் ஒன்று உண்டு. அதனை ஆக்கிய தமிழர் மூவரின் பெயர்கள் விசேந்தே த நசரே, ஜோர்ஜ் கார்வாலியோ, தொமே த குரூஸ். கார்வாலியோ என்றால் கருவாலி மரம். அம்மரத்தை அறியாத நாட்டிற் பிறந்த தமிழன், பதினெட்டே ஆண்டுகளுக்குள் அப்பெயரைத் தாங்கி அயலகத்தில் தாய்மொழிக்குத் தொண்டு செய்திருக்கிறான். இதற்கு மேல் சான்று வேண்டுமோ? பெயர் வந்தது திருமுழுக்குத் தொட்டியின் வழியாக. இலங்கையில் பெரேரா, சில்வா, பர்னாந்து என்ற பெயர் தாங்கிய பௌத்தர்கள் பல்லாயிரம் பேர் இருக்கின்றனர். பிலிப்பைன்ஸ் தீவுகளில் 1849ஆம் ஆண்டு ஆளுநர் கிளவேரியா ஒரு பெயர்ப் பட்டியலையே அச்சிட்டு, குடும்பங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்.

பாட்டியின் கட்சியை முற்றிலும் தள்ளிவிடவும் நாங்கள் விரும்பவில்லை. போர்த்துக்கீசியர் இந்நாட்டுப் பெண்களை மணந்ததும், கோவாவில் ஆளுநர் அல்புகெர்க் அதனை ஊக்குவித்ததும் உண்மை. அத்தகைய வழித்தோன்றல்கள் இலங்கையின் மட்டக்களப்பில் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் பெயரை மட்டும் காட்டிக் குருதியை நிலைநாட்ட இயலாது. அவ்வளவே எங்கள் முடிவு. பாட்டிக்கு இது உவப்பாக இல்லை.

இனி அந்த ஓர் எழுத்து. பெர்னாந்தஸ் என்ற குடும்பப் பெயர் தமிழ் நாவில் ஈற்று ஒலியை இழந்து பர்னாந்து ஆயிற்றா? அல்லது ஞானத்தகப்பனின் இயற்பெயரையே மக்கள் எடுத்துக்கொண்டனரா? இரண்டுக்கும் இடமுண்டு, நாங்கள் முன்னதன் பக்கம் சாய்கிறோம். 1927இல் வல்லநாட்டிலிருந்து தூத்துக்குடிக்குக் குடிநீர் கொணர்ந்த நகர்மன்றத் தலைவரைத் தமிழில் குரூஸ் பர்னாந்து என்கிறோம். ஆங்கிலத்தில் அவரே குரூஸ் பெர்னாண்டஸ். ஒருவருக்கே இரண்டு வடிவங்கள் வழங்குமாயின், உடன்பிறந்தார் இருவருக்கு வழங்குவதில் வியப்பென்ன?

இந்த நியாயத்தை அலுவலகத்தில் சொல்ல முடியுமா? தாளில் கேட்பார்கள். ஆகவே மொரப்பூரில் ரயிலேறி, எங்கள் பழைய பங்குக்கே சென்றோம். பங்குத்தந்தை பொறுமையுடன் பதிவேடுகளை எடுத்து வைத்தார். ஓரங்கள் செல்லரித்த பக்கங்கள். எங்கள் பாட்டனாரின் திருமுழுக்குக் குறிப்பில் பெர்னாண்டஸ் என்றிருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே குருவின் கையெழுத்தில், அதே பெற்றோருக்குப் பிறந்த அவருடைய தங்கையின் பெயருடன் பர்னாந்து என்றிருந்தது. ஞானப்பெற்றோர் என்ற இடத்தில் கப்பல் தலைவன் எவனும் இல்லை. குரூஸ் என்ற பெயருடைய அண்டை வீட்டுப் படகோட்டி ஒருவரே இருந்தார். இரண்டு குறிப்புகளுக்கும் நகல் பெற்று, எங்கள் இருவரின் திருமுழுக்குச் சான்றுகளுடன் இணைத்து மீண்டும் மனுக் கொடுத்தோம். இம்முறை மனு ஏற்கப்பட்டது.

திரும்பி வந்ததும் மகனிடம் ஒரு செய்தி சொன்னோம். அவனைக் கேலி செய்யும் தோழர்களில் ஒருவன் பெயர் சவரிமுத்து. சவேரியார் என்பதோ புனிதர் பிறந்த கோட்டையின் பெயர். நவார் நாட்டுப் பாஸ்கு மொழியில் ‘புது வீடு’ என்று பொருள். ஆகக் கம்பைநல்லூர்ச் சவரிமுத்துவும் ஓர் ஐரோப்பியக் குடும்பப் பெயரைத்தான் சுமந்துகொண்டு நடக்கிறான். மகன் நெடுநேரம் சிரித்தான். மறுநாளே அதை வகுப்பில் சொல்லியும்விட்டான்.

பாட்டி மட்டும் சற்று நேரம் பேசாதிருந்தார்கள். பிறகு, “கப்பற்காரன் போனால் போகட்டும், அந்தோனியார் பெயர் என்கிறீர்களே, அது மெய்தானே?” என்று கேட்டார்கள். மெய்தான் என்றோம். “அப்படியானால் செவ்வாய்க்கிழமை ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக வாங்கி வாருங்கள்” என்றார்கள்.