மாமல்லபுரத்தில் மதியம் ஒரு மணி... எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது?

அர்ச்சுனன் தபசு பார்த்தாயிற்று. வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தள்ளுவதுபோல் போட்டோவும் எடுத்தாயிற்று. அடுத்து? "தண்ணி வேணும்மா" என்று குழந்தை சிணுங்கும். "எங்கயாவது நிழல்ல உக்காரணும்டா" என்பார் தாத்தா. மாமல்லபுரம் போய்வந்த குடும்பங்களுக்கு இது பழகிய காட்சி.

1984-லேயே யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த ஊர் இது. 2021-22-ல் வெளிநாட்டுப் பயணிகள் வருகையில் தாஜ்மஹாலையே முந்தியது. அங்கே 38,922 பேர், இங்கே 1,44,984 பேர். (கொரோனா காலக் கணக்குதான், ஆனாலும் சாதாரண விஷயமா?)

அப்படியானால் சின்னங்களுக்குப் பக்கத்திலேயே பெரிய உணவகம் ஒன்று கட்டலாமே என்று தோன்றும். சட்டம் விடாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட முடியும். வளாகத்துக்குள், அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் சமைக்கவோ சாப்பிடவோ கூடாது. இதில் தப்பு சொல்ல முடியாது. பஜ்ஜி தின்ற கையோடு பல்லவர் சிற்பத்தைத் தடவுகிற ஆட்கள் நம்மிடம் உண்டு!

ஆகவே, இங்கே மாற வேண்டியது கட்டடம் இல்லை, ஏற்பாடு. கடற்கரைக் கோயிலில் இருந்து ஐந்து ரதம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். வெயிலில் நடப்பவருக்கு வழிநெடுக நிழல், பெஞ்சு, பாட்டிலில் நிரப்பிக்கொள்ளக் குடிநீர்க் குழாய் வேண்டும். தண்ணீர் பாக்கெட்டுக்கும் பிளாஸ்டிக் கப்புக்கும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருப்பதால், குழாய் இன்னும் அவசியம்.

சிக்கலான கேள்வி வேறு. இளநீர், சுண்டல், மாங்காய்க் கீற்று விற்பவர்கள் என்ன ஆவார்கள்? 'நவீனமாக்குகிறோம்' என்று ஒரே கான்ட்ராக்டருக்கு டெண்டர் விட்டால், முதலில் காணாமல் போவது அவர்களின் தள்ளுவண்டிதான். 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுத்துச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் ஒதுக்குவதில் கருத்துச் சொல்லும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவிகிதமாவது வியாபாரிகளே இருக்க வேண்டும்.

அகமதாபாத்தின் கங்காரியா ஏரிக்கரையில் 2018-ல் நல்ல வழி காட்டினார்கள். தெருவோர உணவு விற்பவர்களுக்குச் சுத்தப் பயிற்சி கொடுத்து, கடைகளைச் சோதித்து, அந்த இடத்தையே 'சுத்தமான தெரு உணவு மையம்' என்று அறிவித்தார்கள். இங்கும் செய்யலாம். கூடவே தமிழிலும் ஆங்கிலத்திலும் விலைப்பலகை, கை கழுவ இடம், இளநீர் மட்டையை அள்ள தினமும் ஒரு வண்டி.

அதுவரை? காலையிலேயே ஐந்து ரதத்தை முடித்துவிடுங்கள். வீட்டிலிருந்து பெரிய பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போங்கள். இளநீரை மட்டும் அங்கேயே, தள்ளுவண்டியில் வாங்குங்கள்.