யார் வந்தால் என்ன என்று தோன்றும்போது

"யார் வந்தால் நமக்கென்ன, நாம் உழைத்தால்தான் நமக்குச் சோறு." தேர்தல் நெருங்க நெருங்க டீக்கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் பேச்சு இது. இப்படிச் சொல்பவரை அக்கறை இல்லாதவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. கொஞ்சம் நின்று கேட்டால், பல தேர்தல்களில் அக்கறைப்பட்டு அலுத்துப்போனவரின் குரல் அது என்று புரியும். 2024 நாடாளுமன்றத் தேர்தல் மார்ச் 16 அன்று அறிவிக்கப்பட்டு, ஜூன் 4 அன்று வாக்கு எண்ணிக்கையோடு முடிந்தது. 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்குப் பிறகு இவ்வளவு நாள் இழுத்த தேர்தல் வேறில்லை. தமிழ்நாடு முதல் கட்டத்திலேயே, ஏப்ரல் 19 அன்று, வாக்களித்துவிட்டு முடிவு தெரிய 46 நாள் காத்திருந்தது. கொளுத்தும் கத்திரி வெயிலில் தொலைக்காட்சியும் ஓயவில்லை, கைபேசியும் ஓயவில்லை. 2019இல் 72 சதவீதத்தைத் தாண்டிய மாநில வாக்குப்பதிவு 2024இல் 70ஐத் தொடவில்லை. அந்தச் சரிவு முழுவதையும் சலிப்பின் கணக்கில் எழுத முடியாது. வெயில், வெளியூர்ப் பிழைப்பு, பட்டியல் குளறுபடி எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் சலிப்புக்கும் பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

இந்தச் சோர்வு தனிமனிதரின் பலவீனம் அல்ல. அமெரிக்க உளவியல் சங்கம் அந்நாட்டில் நடத்திய ஆய்வில், 2016 தேர்தல் தங்களுக்குக் கணிசமான மன அழுத்தம் தந்ததாகச் சொன்னவர்கள் 52 சதவீதம். 2020இல் அது 68 சதவீதம் ஆனது. ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு உளவியலில் ஒரு பழைய பரிசோதனை வெளிச்சம் தருகிறது. 1967இல் செலிக்மன், மையர் என்ற இருவரும் வெளியிட்ட ஆய்வில், தடுக்க வழியே இல்லாமல் மின்அதிர்ச்சி வாங்கிய நாய்களில் பல, பிறகு தப்பிக்க வழி திறந்திருந்தபோதும் படுத்தே கிடந்தன. கையறு நிலையை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்றார்கள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து, 2016இல், அதே இருவரும் மூளை ஆய்வுகளை வைத்துத் தங்கள் முடிவைத் திருத்திக்கொண்டார்கள். நெடுநேரத் துன்பத்தில் உயிர் தளர்ந்து கிடப்பது இயல்பாகவே வருவது. 'இதில் என் கைக்கு ஒரு பிடி இருக்கிறது' என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டியது என்பது அவர்களின் புதிய முடிவு. நாய்களுக்கு நடந்ததை அப்படியே மனிதர்களுக்குப் பொருத்திவிடக் கூடாதுதான். ஆனாலும் தேர்தல் காலத்தில் நமக்கு நேர்வது ஏறத்தாழ இதுவே. இரண்டரை மாதம் நம்மைப் பார்வையாளராக உட்கார வைக்கிறார்கள். பார்வையாளர் கையில் பிடி ஏதும் இல்லை. ஆகவே இந்தச் சோர்வுக்கு மருந்து, நம்பிக்கையை வரவழைத்துக்கொள்வது அல்ல. சட்டம் நம் கையில் கொடுத்திருக்கும் சிறு சிறு பிடிகளைத் தெரிந்துகொண்டு அவற்றைப் பிடிப்பது.

முதலில் விட வேண்டியதைச் சொல்லிவிடலாம். தேர்தல் செய்தியின் பெரும்பகுதி கணிப்புதான். 2024 ஜூன் 1 மாலை வெளியான வாக்குக்கணிப்புகளில் பெரும்பாலானவை பாஜக கூட்டணிக்கு 350க்கு மேல் கொடுத்தன, சில 400ஐத் தொட்டன. எண்ணியபோது வந்தது 293. 2004இலும் ஆளுங்கூட்டணியே திரும்பும் என்றன கணிப்புகள்; ஆட்சி மாறியது. 2024இல் கணிப்புக்கும் எண்ணிக்கைக்கும் இடையே மூன்று இரவு தூங்காமல் கொண்டாடியவரும் கலங்கியவரும் நடக்காத ஒன்றுக்காக உடம்பைக் கெடுத்துக்கொண்டார்கள். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரம் ஓய வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு. வாக்காளர் அமைதியாக யோசிக்க அவகாசம் வேண்டும் என்று சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த அமைதியை நம் வீட்டுக்குள் இன்னும் சில நாள் முன்னதாகவே நாமே அறிவித்துக்கொள்ளலாம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது. மீறினால் காவல் நிலையத்திலோ, தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியிலோ புகார் செய்யலாம். செயலியில் இடத்தோடு படம் எடுத்து அனுப்பினால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையம் தனக்கு விதித்துக்கொண்ட கெடு.

இனி பிடிகள். எல்லாவற்றிலும் பெரியது வாக்காளர் பட்டியல், ஆனால் அதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறோம். வாக்காளர் அட்டை கையில் இருப்பதும் பட்டியலில் பெயர் இருப்பதும் ஒன்றல்ல. அட்டை இல்லாவிட்டால் ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், நூறு நாள் வேலை அட்டை என்று ஏதேனும் ஒன்றைக் காட்டி வாக்களிக்கலாம். பெயர் இல்லாவிட்டால் எந்த அட்டையும் உதவாது. வீட்டுக்கு வரும் பூத் சிலிப்பும் அடையாளச் சான்று அல்ல. 2025 டிசம்பர் 19 அன்று வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியல் வெளியானபோது சுமார் 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பதிந்தவர்கள் அதில் உண்டு. ஆனால் உயிரோடு அதே தெருவில் இருப்பவர் ஒருவர் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டால், அவருக்கு அது நூறு சதவீத இழப்பு. புதிதாகச் சேரப் படிவம் 6, திருத்தத்துக்கும் இடமாற்றத்துக்கும் படிவம் 8, தகுதியில்லாத பெயரை எதிர்க்கப் படிவம் 7. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதியில் 18 நிறைந்தவர் பெயர் சேர்க்கலாம். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு பட்டியல் பூட்டப்படுகிறது, அதற்குப் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பதிவு அதிகாரி மறுத்தால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு. அங்கும் மறுத்தால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். பீகாரில் வரைவுப் பட்டியலில் விடுபட்ட சுமார் 65 லட்சம் பெயர்களைக் காரணத்தோடு வெளியிடச் சொல்லி 2025 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. என் பெயர் ஏன் இல்லை என்று கேட்பது சலுகை கோருவது அல்ல என்பதற்கு அந்த உத்தரவே போதும். உங்கள் பகுதியின் வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.) யார் என்று தெரியாவிட்டால் 1950 என்ற எண்ணில் கேட்கலாம். ஐந்து நிமிட வேலை. ஒரு மாத விவாத நிகழ்ச்சிகள் தராத தெம்பை அது தரும்.

வாக்குப்பதிவு நாளுக்கும் உரிமைகள் உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி (135B) பிரிவின்படி அன்று சம்பளத்தோடு விடுமுறை. தினக்கூலிக்கும் அது பொருந்தும். மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான் என்பது சட்டத்தின் வெட்கக்கேடான ஓட்டை, ஆனாலும் கேட்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. உங்கள் பெயரில் வேறொருவர் முன்பே வாக்களித்திருந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். அதிகாரியின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி நீங்கள்தான் அவர் என்று காட்டினால், தேர்தல் நடத்தை விதிகளின் 49-பி (49P) விதியின்படி உங்களுக்கு ஒரு வாக்குச்சீட்டு தந்தாக வேண்டும். 85 வயதைக் கடந்தவர்களும் 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களும் 2024இல் படிவம் 12-டி கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களித்தார்கள்.

ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும் என்பார்கள். 2024இல் மும்பை வடமேற்குத் தொகுதியை வென்றவர் 48 வாக்கில் வென்றார். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் அறிவிக்கப்பட்ட வித்தியாசம் 49. ஆனால் இவை அபூர்வம். ஒரு வாக்கு பெரும்பாலும் முடிவை மாற்றாது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். வாக்கின் பயன் வேறோர் இடத்திலும் இருக்கிறது. எண்ணிக்கை முடிந்ததும் படிவம் 20 என்ற தாள் வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை விழுந்தது என்று சொல்கிறது. ஒரு சாவடி என்பது நாலைந்து தெரு, ஆயிரத்துச் சொச்சம் பேர். உங்கள் வாக்கு ரகசியம்; உங்கள் தெரு வாக்களித்ததா இல்லையா என்பது ரகசியம் அல்ல. அடுத்த ஐந்தாண்டில் தண்ணீர்க் குழாயும் சாலையும் எங்கே முதலில் போக வேண்டும் என்று யோசிக்கும் கட்சிக்காரர் கையில் அந்தத் தாள் இருக்கும். சாவடிக்கே வராத தெருவுக்காக மெனக்கெட அவருக்குக் காரணம் இருக்காது. இதில் ஆபத்தும் உண்டு, எதிராக வாக்களித்த தெருவை அதே தாளை வைத்துப் பழிவாங்கவும் முடியும். பல சாவடிகளின் வாக்குகளைக் கலந்து எண்ணும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே பரிந்துரைத்தது, இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வாக்காளர் சங்கங்கள் விடாமல் கேட்க வேண்டிய கோரிக்கை அது.

எல்லாரும் ஒன்றுதான் என்பவருக்கு, 'இவர்களில் யாரும் இல்லை' என்று சொல்லும் நோட்டா பொத்தான் இருக்கிறது. 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் வந்தது. 2024இல் இந்தூரில் 2,18,674 பேர் அதை அழுத்தினார்கள். நோட்டா முதலிடம் பிடித்தாலும் அடுத்து வரும் வேட்பாளரே வென்றவர், ஆகவே அதன் பலத்தை மிகைப்படுத்தக் கூடாது. ஆனால் வீட்டில் இருந்துவிடுவது எந்தக் கணக்கிலும் ஏறாது, நோட்டா ஏறும். எல்லாரும் ஒன்றுதான் என்ற முடிவுக்கு வருமுன் வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களை ஒருமுறை படிக்கலாம். வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் இருக்கும். 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் கிடைத்த உரிமை அது. பெரும் பணத்தை எதிர்த்து என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கும் ஒரு பதில் இருக்கிறது. யார் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார்கள் என்பதை மறைத்த தேர்தல் பத்திரத் திட்டத்தை எதிர்த்து 2017இலேயே நீதிமன்றம் போனவர்கள் ஆறாண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். 2024 பிப்ரவரி 15 அன்று திட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது, அடுத்த மாதமே பெயர்கள் வெளியாயின.

இன்னொரு எதிர்வாதம்தான் கனமானது. தொலைக்காட்சியை அணை, படிவத்தை நிரப்பு என்பதெல்லாம் பாதுகாப்பாக இருப்பவர்களுக்குச் சொல்லும் அறிவுரை. சாதியாலோ மதத்தாலோ மிரட்டப்படுபவருக்குச் சோர்வு செய்தியிலிருந்து வரவில்லை, பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறது என்பது அது. உண்மை. அவரிடம் மனதைத் தேற்றிக்கொள் என்று சொல்வது அநியாயம். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996இல் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பிறகு நடந்ததை நினைத்துப் பாருங்கள். தேர்தல் நடக்கவிடாமல் செய்வது, நடந்தாலும் வென்றவரை உடனே ராஜினாமா செய்யவைப்பது என்று பத்தாண்டு இழுத்தார்கள். எதிர்த்தரப்பை அலுக்க வைப்பதே அங்கே உத்தி. 2006 அக்டோபரில்தான் முறையான தேர்தல் நடந்தது. மக்களின் சலிப்பு சிலருக்கு லாபம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பட்டியல் சாதி, பழங்குடியினரை வாக்களிக்காதே என்றோ இன்னாருக்குப் போடு என்றோ கட்டாயப்படுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில் தனிக் குற்றம். யாரை மிரட்டினாலும் பாரதிய நியாய சன்ஹிதா 171ஆம் பிரிவு இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் தனியாளாகப் புகார் தராமல் ஊராக, சங்கமாக, எழுத்தில் தருவதே பாதுகாப்பு. வாக்குக்குப் பணம் என்பதும் இதே வரிசையில் வருவதுதான். வேலூரில் 2019 ஏப்ரல் 16 அன்று, பெருந்தொகை சிக்கியதால், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன் தேர்தலே ரத்தானது. கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் அதே சன்ஹிதாவின் 170ஆம் பிரிவின்படி குற்றம். அதைவிட முக்கியம், வாங்கியவர் ஐந்தாண்டு கேள்வி கேட்கக் கூசுகிறார். அந்தக் கூச்சமும் சலிப்பாகவே வெளியே வருகிறது.

சோர்வு தூக்கத்தைக் கெடுத்தாலோ, சாப்பாடு பிடிக்காமல் போனாலோ, அரசியல் பேச்சால் வீட்டில் பேச்சுவார்த்தையே நின்றுபோனாலோ அதைத் தேர்தலோடு போய்விடும் என்று விட வேண்டாம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மனநலச் சிகிச்சை பெறுவது 2017ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை.

கணிப்பு பார்க்கும் நேரத்தில் ஒரு நாளை உங்கள் சாவடிக்குக் கொடுக்க முடியுமானால், ஏதாவது ஒரு வேட்பாளரின் பூத் ஏஜெண்டாக உட்காருங்கள். வாக்குப்பதிவு தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பே மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 வாக்கு போட்டு, எண்ணி, அழித்து, இயந்திரத்துக்குச் சீல் வைப்பார்கள். மாலை 6 மணிக்கு வாசலை மூடும்போது வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து தொடங்கி எண்ணிட்ட சீட்டு தருவார்கள். எத்தனை பேர் நின்றாலும் அத்தனை பேரையும் வாக்களிக்க விட வேண்டும். கடைசி ஆள் மையோடு வெளியே போன பிறகு அதிகாரி 'குளோஸ்' பொத்தானை அழுத்துவார். திரையில் மொத்த எண் வரும். அதைப் படிவம் 17-சியில் எழுதிக் கையெழுத்திட்டு ஒரு பிரதியை ஏஜெண்டிடம் கொடுப்பார். எண்ணும் நாளில் இயந்திரம் காட்டும் எண்ணோடு ஒப்பிட, அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வையுங்கள்.