மாசிக்காய் மையில் மூன்று லட்சம் எழுத்துகள்

குழந்தைக்கு உரை மருந்து இழைக்க வாங்குகிறோமே மாசிக்காய், அது காயே அல்ல. ஓக் மரத்தின் மொட்டில் ஒரு சிறு குளவி முட்டையிட, அதிலிருந்து வரும் புழுவைச் சுற்றி மரம் வளர்த்துக்கொள்ளும் முடிச்சு அது. அதன் எடையில் பாதிக்கும் மேல் டானின் என்ற துவர்ப்புப் பொருள். பொடித்துக் கொதிக்கவைத்து, வடித்த சாற்றில் அன்னபேதியைக் கரைத்து, வேலம்பிசின் சேர்த்தால் மை தயார். மூன்றும் நம்மூர் நாட்டு மருந்துக் கடைச் சரக்குதான். யூதர்களின் வேதமான தோராவைப் பல நூற்றாண்டுகளாகச் சுருள்களில் எழுதிவருவது இவ்வகை மையால்தான். காயக் காயத்தான் அது நன்றாகக் கருக்கும். அன்னபேதியில் உள்ள இரும்பு, காற்றின் ஆக்சிஜன் பட்டு டானினோடு பிணைவதால் வரும் கருமை அது.

ஒரு தோராவில் 3,04,805 எழுத்துகள். பதப்படுத்திய விலங்குத் தோலில், இறகுப் பேனாவால், சோஃபேர் என்னும் எழுத்தர் ஒவ்வொன்றாக எழுதுகிறார். தோல் துண்டுகளை விலங்கின் தசைநாரால் தைத்து இணைக்கிறார்கள். முடிக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். ஓர் எழுத்து அழிந்தாலும் அந்தச் சுருளைச் சபையில் வாசிக்கக் கூடாது. திருத்திய பிறகே வாசிக்கலாம். ஓர் எழுத்து சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் அறிஞரைக் கேட்பதில்லை. அதிபுத்திசாலியும் இல்லாத, மந்தமும் இல்லாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டு, ‘இது என்ன எழுத்து?’ என்று கேட்க வேண்டும். இந்த விதியை வகுத்தவருக்கு ஒரு சபாஷ்! அறிஞர் முன்பின் பார்த்து ஊகித்துவிடுவார். குழந்தை கண்ணில் படுவதைத்தான் சொல்லும்.

1942-இல் நாஜி ஆக்கிரமிப்பில் இருந்த செக் பகுதிகளான பொஹேமியா, மொராவியா ஊர்களின் தோராச் சுருள்களும் பிற தொழுகைக்கூடப் பொருள்களும் பிராகா நகர யூத அருங்காட்சியகத்துக்கு வந்து குவிந்தன. அழிந்துபோன ஓர் இனத்தின் அருங்காட்சியகம் அமைக்க நாஜிகள் திட்டமிட்டார்கள் என்பது பரவலான கதை. அதற்கு உறுதியான ஆவணம் கிடையாது. பட்டியலிட்டுப் பாதுகாத்தவர்கள் யூத ஊழியர்களே. அவர்களில் பெரும்பாலோரை நாஜிகள் முகாம்களுக்கு அனுப்பிக் கொன்றார்கள். போருக்குப் பின் சுருள்கள் மிக்லே என்ற பகுதியின் பாழடைந்த தொழுகைக்கூடத்தில் ஈரத்தில் கிடந்தன. காகிதம் மையை உறிஞ்சிக்கொள்ளும். தோலிலோ மை பெரும்பாலும் மேலேயே படிகிறது. ஈரத்தில் தோல் உப்பி, காய்ந்து சுருங்கும்போது மைப்படலம் ஈடுகொடுக்காமல் வெடித்து உதிர்கிறது.

அன்றைய செக்கோஸ்லோவாக்கிய அரசிடமிருந்து இந்தச் சுருள்களை வாங்கப் பணம் கொடுத்தவர் ரால்ஃப் யாப்லன் என்ற கொடையாளர். 1964 பிப்ரவரியில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தொழுகைக்கூடத்துக்கு வந்து இறங்கியவை 1,564 சுருள்கள். சில ஆண்டுகள் கழித்து டேவிட் பிராண்ட் என்ற சோஃபேர் வந்து கதவைத் தட்டி, பழுதுபார்க்கச் சுருள் ஏதும் உண்டா என்று கேட்டாராம். அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேல் அங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்தார். எந்தச் சுருள் எந்த ஊருக்கு என்ற பொறுப்பைச் சுமந்தவர் ரூத் ஷாஃபர். இத்திஷ் மொழி எழுத்தாளர் ஷோலம் ஆஷின் மகள். சுருள்களை விற்கவில்லை; நிரந்தர இரவலாகவே கொடுத்தார்கள். உலகெங்கும் இப்படிப் போனவை 1,400-க்கும் அதிகம்.

ஆனால் சுருள் வந்துவிட்டால் சபை வந்துவிடாது. தோராவைப் பொதுவில் வாசிக்கக் குறைந்தது பத்துப் பேர் வேண்டும். மரபுப்படி பத்தும் ஆண்கள். ஊரே அழிந்த இடத்தில் பத்து ஆண்களுக்கு எங்கே போவது? பெண்களையும் எண்ணிக்கையில் சேர்ப்பது சமத்துவக் கொள்கை மட்டுமில்லை, சிறு சபைகளுக்குப் பிழைத்திருப்பதற்கான கணக்கும்கூட என்று எனக்குப் படுகிறது.

ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரத்தைப் பாருங்கள். அங்கே யூதச் சபை மீண்டும் உருவானது 1992-இல்; முன்னின்று நடத்தியவர் சாரா ரூத் ஷூமான். கலைந்துபோன சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்து குடியேறிய யூதர்களால் அது பெருகியது. 1995-இல் அச்சபை ரபியாக (மதகுருவாக) அமர்த்தியது பேயா வைலர் என்ற சுவிட்சர்லாந்துப் பெண்ணை. போருக்குப் பின் ஜெர்மனியில் பணியாற்றிய முதல் பெண் ரபி அவர். 2010-இல் பெர்லினில் ரபி பட்டம் பெற்ற உக்ரைன்காரர் அலினா ட்ரெய்கரும் இதே ஓல்டன்பர்க்குக்குத்தான் வந்தார். ஜெர்மன் மண்ணில் அதற்கு முன் அந்தப் பட்டம் பெற்ற பெண், உலகின் முதல் பெண் ரபியான ரெகினா யோனாஸ், ஆண்டு 1935. பெண் ரபியாகலாமா என்ற கேள்வியையே ஆய்வேடாக எழுதியவர். அவரை நாஜிகள் பொஹேமியாவின் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கும், 1944-இல் ஆஷ்விட்சுக்கும் அனுப்பிக் கொன்றார்கள். அவர் பெயரே பல ஆண்டுகள் மறந்துபோயிருந்தது. பெர்லின் சுவர் விழுந்த பிறகுதான் கிழக்கு பெர்லின் ஆவணங்களில் அவரது தாள்கள் வெளிப்பட்டன.

பேனா பெண்களின் கைக்கு வர இன்னும் நாளானது. தொழுகையில் தோல்பெட்டி கட்டும் கடமை இல்லாதவர் எழுதிய சுருள் செல்லாது என்பது யூதச் சட்டநூலான தல்மூத்தின் வாதம். அந்தக் கடமை பெண்களுக்கு இல்லை. 2007-இல் ஜென் டெய்லர் ஃபிரீட்மன் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரச் சபைக்காக ஒரு முழுத் தோராவை எழுதி முடித்தார். ஒரு பெண் தனியாக முழுத் தோராவையும் எழுதியதாகத் தெரியவரும் முதல் நிகழ்வு இதுதான். ஆர்த்தடாக்ஸ் சபைகள் இன்றும் அத்தகைய சுருளை ஏற்பதில்லை. சீர்திருத்தச் சபைகள் ஏற்கின்றன.

லண்டன் சுருள்களுக்கோ எல்லா இடத்திலும் நிபந்தனை ஒன்றே. இரவல் வாங்கிய சபை கலைந்துபோனால், சுருள் லண்டனுக்குத் திரும்பியாக வேண்டும். அங்கிருந்து அது வேறு சபைக்குப் போகலாம்.