அறுபதுக்குப் பின் எடைக் குறைப்பு அறுவை: முடிவெடுத்தலும் ஆயத்தமும்

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. ரயில் நிலையம், அஞ்சலகம், தேவாலயம் ஆகியவற்றோடு அங்கிருந்த மருத்துவமனையும் அழிந்தது. பின்னர் அம்மண்ணுக்கே திரும்பி வந்து வாழும் மீனவக் குடும்பங்கள், மருத்துவம் என்றால் இன்றும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கடந்து ராமேசுவரம் வர வேண்டும். பெரிய சிகிச்சை என்றால் பாம்பன் பாலத்தைத் தாண்டி மேலும் சுமார் 55 கிலோமீட்டர் பயணம் செய்து ராமநாதபுரம் வர வேண்டும். அல்லது மதுரைக்குச் செல்ல வேண்டும். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டதால் பயணம் எளிதாயிற்று, தொலைவு குறையவில்லை.

அப்புயலின்போது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்தவர்கள். அவர்களைப் போன்ற மூத்தோர் பலர் உடற்பருமனாலும் அதனோடு வரும் சர்க்கரை நோய், மூட்டுவலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றாலும் துன்புறுகின்றனர். "எடைக் குறைப்பு அறுவை என்கிறார்களே, இந்த வயதில் அது எனக்குப் பொருந்துமா?" என்னும் கேள்வி அவர்களிடமும் எழுகிறது. அக்கேள்விக்கு விடை காணும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

அறுவை யாருக்கு உரியது?

எடையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தை மீட்டரில் அளந்து அதன் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியீட்டெண். எடுத்துக்காட்டாக, 62 வயதான ஓர் அம்மையாரை எண்ணிக்கொள்வோம். உயரம் 150 சென்டிமீட்டர். எடை 81 கிலோ. 81ஐ 2.25ஆல் வகுக்க, அவருடைய குறியீட்டெண் 36. அவருக்குக் கட்டுக்குள் வராத சர்க்கரை நோய் உண்டு. முழங்கால் வலியால் கடற்கரை மணலில் நடக்க இயலவில்லை. இரவில் குறட்டையும் இடையிடையே மூச்சுத் தடையும் உள்ளன.

இந்தியர்களுக்கு இக்குறியீட்டெண் 23ஐத் தாண்டினாலே மிகை எடை என்றும், 25ஐத் தாண்டினால் உடற்பருமன் என்றும் கொள்ளப்படுகிறது. அதே எடையில் மேலைநாட்டினரைவிட நம்மவர் வயிற்றில் கொழுப்பு மிகுதியாகச் சேர்வதும், சர்க்கரை நோய் முன்னதாகவே தாக்குவதும் இதற்குக் காரணம். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினரின் குறியீட்டெண் 25 அல்லது அதற்கு மேல் இருந்தது. இவர்கள் அனைவருக்கும் அறுவை தேவையில்லை. பெரும்பாலோர்க்கு உணவு ஒழுங்கும் உடலுழைப்பும் மருந்துமே போதும்.

அமெரிக்கப் பேரியாட்ரிக் அறுவை மருத்துவர் சங்கமும் அத்துறையின் பன்னாட்டுக் கூட்டமைப்பும் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குறியீட்டெண் 35க்கு மேல் உள்ளோர்க்கு அறுவையைப் பரிந்துரைக்கிறது. ஆசிய மக்களுக்கு 27.5 முதலே அதனைக் கருதலாம் என்கிறது. வயதுக்கு மேல்வரம்பு எதனையும் அது விதிக்கவில்லை.

அறுவையில் நிகழ்வது என்ன?

இரு முறைகள் பெரிதும் கையாளப்படுகின்றன. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி அகற்றப்படுகிறது. எஞ்சுவது வாழைப்பழ வடிவிலான ஒரு குழாய். பசியைத் தூண்டும் சுரப்பும் இதனால் குறைகிறது. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதி மட்டும் சிறு பையாகப் பிரிக்கப்பட்டுச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேராக இணைக்கப்படுகிறது. சர்க்கரை நோய் நீண்ட காலம் உள்ளவர்களுக்கும், கடுமையான நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் பைபாஸ் ஏற்றதாக இருக்கலாம். இரண்டும் லேப்ராஸ்கோப்பி வழியே சிறு துளைகள் மூலம் செய்யப்படுகின்றன.

முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் மொத்த எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவது வழக்கம். மேலே கூறிய அம்மையாருக்கு அது 20 கிலோ அளவு. அவர் 61 கிலோவுக்கு வருவார்; மெலிந்த உடலினர் ஆகிவிட மாட்டார். இந்த எதிர்பார்ப்பைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும்.

வயது தடையா?

வயது மட்டும் தடையன்று. வலிமைக் குறைவு தடையாகலாம். அறுபத்தெட்டு வயதில் நாள்தோறும் வலை பழுது பார்த்து நடமாடுபவர், ஐம்பத்தைந்தில் படுக்கையை விட்டு எழாதவரைவிட அறுவையை நன்கு தாங்குவார்.

எடை குறையும்போது கொழுப்போடு தசையும் எலும்பின் அடர்த்தியும் குறைகின்றன. இளையோர் அதனை ஈடுசெய்துகொள்வர். மூத்தோர்க்கு அது தள்ளாட்டமாகவும், விழுந்தால் எலும்பு முறிவாகவும் முடியலாம். எனவே மருத்துவர் உங்கள் தசை வலிமையைச் சோதிப்பார். வீட்டிலேயே ஒரு எளிய சோதனை செய்யலாம்: கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமருங்கள். 15 நொடிக்கு மேல் ஆனால், முதலில் தசையை வலுப்படுத்த வேண்டும். அருகில் ஒருவர் துணைக்கு நிற்கட்டும்.

பயன் குறித்தும் உண்மையை அறிதல் நன்று. ஸ்வீடன் நாட்டில் 1987இல் தொடங்கிய நீண்ட ஆய்வு, அறுவை செய்துகொண்டோர் அதே பருமனோடு அறுவையின்றி இருந்தோரைவிடச் சராசரியாக மூன்று ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர் என்று 2020இல் அறிவித்தது. ஆனால் அவ்வாய்வில் சேர்ந்தோரின் வயது 37 முதல் 60 வரை. ஆகவே அறுபதைக் கடந்தவர் அந்த மூன்று ஆண்டுகளைத் தமக்கு உறுதி என்று கொள்ளலாகாது. இவ்வயதில் எதிர்நோக்க வேண்டிய பயன் வேறு: இன்சுலின் அளவு குறைதல், இரவில் நல்லுறக்கம், பிறர் துணையின்றி நடத்தல், மூட்டு மாற்று அறுவைக்கு உடல் தகுதி பெறுதல்.

முடிவெடுக்கும் முன்

"இந்த வயதில் எதற்கம்மா கத்தி?" என்று பிள்ளைகள் கேட்பது அன்பினால். "எல்லாரும் செய்கிறார்களே" என்று உறவினர் தூண்டுவதும் அன்பினாலேயே. இரண்டும் முடிவாகாது. குடும்பத்தோடு அமர்ந்து பின்வருவனவற்றைப் பேசுங்கள்:

• எதற்காக இவ்வறுவை? "எடை குறைய" என்பது போதாது. "கோயிலின் வெளிப்பிரகாரத்தை நடந்து சுற்றி வர", "மீண்டும் சந்தைக்குச் சென்று மீன் விற்க" என்று பெயர் சொல்லக்கூடிய குறிக்கோள் ஒன்று வேண்டும்.

• வாழ்நாள் முழுவதும் வைட்டமின் உட்கொள்ளவும், குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனைக்கு வரவும் இயலுமா? அழைத்துவரப் போகிறவர் யார்?

• மருந்து வழிகளை முயன்றாயிற்றா? செமாகுளுடைட், டிர்செபடைட் ஆகிய வார ஊசிகள் 2025 முதல் எடைக் குறைப்புக்கென இந்தியாவில் விற்பனைக்கு வந்துள்ளன. நிறுத்தினால் எடை திரும்புவது உண்டு, செலவும் தொடரும். எனினும் அறுவைக்குத் தகுதியற்றோர்க்கு இவை ஒரு வழி.

• இடரை அறிவோமா? அறுவையால் உயிரிழப்பு ஆயிரத்தில் ஓரிருவர் என்னும் அளவே. ஆயினும் மூத்தோர்க்கு அது சற்றுக் கூடும். தையலிடத்தில் கசிவு, இரத்தப்போக்கு, காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குச் செல்லுதல் ஆகியன நேரலாம்.

செலவையும் முன்னரே கேட்டறியுங்கள். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதிப்படி, தனியார் காப்பீட்டில் இவ்வறுவைக்குப் பணம் பெறக் குறியீட்டெண் 40 இருத்தல் வேண்டும். அல்லது 35 இருந்து, இதயநோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை, கட்டுப்படாத சர்க்கரை நோய் போன்றவை உடனிருத்தல் வேண்டும். எனவே மருத்துவ முறையில் தகுதியுடைய ஒருவர்க்குக் காப்பீட்டுத் தகுதி இல்லாமற்போகலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்போர், நாள் குறிப்பதற்கு முன் காப்பீட்டு உதவி மையத்தில் எழுத்து வடிவில் ஒப்புதல் பெறுக.

ஆயத்தம்

ஆயத்தத்துக்கு மூன்று மாதமேனும் ஒதுக்குங்கள். இதயம், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு, இரத்தச் சர்க்கரை ஆகியன சோதிக்கப்படும். இரைப்பையை எண்டோஸ்கோப்பி மூலம் பார்ப்பர். இரும்புச்சத்து, வைட்டமின் பி12, வைட்டமின் டி ஆகியவற்றின் குறையை அறுவைக்கு முன்பே நிரப்ப வேண்டும். மூத்தோர்க்கு எலும்பு அடர்த்திச் சோதனையும் தேவை. பல் இல்லாதோர் பல் செட்டைச் சரிசெய்துகொள்ளுதல் நலம். நன்கு மெல்லாத உணவு சிறுத்த இரைப்பையில் தங்கித் துன்பம் தரும்.

பீடி, சிகரெட், புகையிலை ஆகியவற்றைக் குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே முற்றிலும் விட வேண்டும். அறுவைக்கு முந்தைய இரண்டு வாரம், மாவுச்சத்தும் கொழுப்பும் குறைந்த உணவு தரப்படும். இதனால் கல்லீரல் சுருங்கி, மருத்துவர் இரைப்பையை எளிதில் அணுக முடியும். அந்நாட்களில் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். ஆகவே மாத்திரை, இன்சுலின் அளவை மருத்துவர் மாற்றித் தருவார். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை மூன்று நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். வார ஊசி போடுவோரும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்போரும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் இட்டு அப்படியே கொண்டுவாருங்கள்.

நாள் குறிப்பதிலும் கடற்கரைக் குடும்பங்களுக்கு ஒரு வசதி உண்டு. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை. படகில் செல்லும் பிள்ளைகள் அக்காலத்தில் கரையில் இருப்பர். உடனிருந்து கவனிக்க ஆள் கிடைக்கும். நோயாளி கடல்தொழில் செய்பவராயின், ஏறத்தாழ ஆறு வாரம் கரைவலை இழுத்தலும் கூடை சுமத்தலும் கூடாது. ஆடி, தை அமாவாசைகளில் ராமேசுவரச் சாலையில் நெரிசல் மிகும். அந்நாட்களை ஒட்டி மறுபரிசோதனை குறிக்காதீர்கள்.

தொலைவைக் கணக்கில் கொள்ளுங்கள்

மருத்துவமனையிலிருந்து சில நாட்களில் வீடு திரும்பலாம். ஆனால் கசிவு முதல் இரு வாரங்களில்தான் பெரும்பாலும் வெளிப்படும். எனவே தனுஷ்கோடி, ராமேசுவரம் பகுதியினர் அவ்விரு வாரமும் அறுவை நடந்த ஊரிலேயே உறவினர் வீட்டில் தங்குவது நன்று.

பின்வரும் அறிகுறிகளில் ஒன்று தோன்றினாலும் விடியும் வரை காத்திராமல் 108ஐ அழைத்துப் புறப்படுங்கள்: நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120க்கு மேல் நீடித்தல், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, இடத் தோளில் வலி, மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்குதல், கருநிற மலம். ஓயாத வாந்தியையும் பொறுத்துக்கொள்ளாதீர்கள். வைட்டமின் பி1 குறைந்து நரம்புகள் பழுதாகக்கூடும்.

மற்றொன்று மிக முக்கியம். அறுவைக்குப் பின் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் விரைந்து குறையும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் மாத்திரைகளைப் பழைய அளவிலேயே உண்டால் மயக்கமும் வீழ்ச்சியும் நேரலாம். அறுவை நடந்ததையும் புதிய அளவையும் அவ்வூழியரிடம் மருத்துவர் சீட்டோடு தெரிவியுங்கள். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தாமே வாங்கி உண்ணும் வலி மாத்திரைகளும், குறிப்பாக பைபாஸுக்குப் பின், இரைப்பையில் புண் உண்டாக்கும்.

இனி உணவு

முதல் இரு வாரம் நீர்ம உணவு. அடுத்த இரு வாரம் மசித்த உணவு. பின்னர் மென்மையான உணவு. இரு மாதமளவில் வழக்கமான உணவு, சிறு அளவில். நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. இதில் நம் கரைக்கு ஒரு பேறு உண்டு: 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உள்ளது. தொடக்கத்தில் சீலா, பாறை போன்ற முள் குறைந்த மீன்களை அவித்து மசித்துத் தரலாம். காரல், சூடை போன்றவற்றைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம். சோற்றுக்கு முன் மீனையோ முட்டையையோ உண்ணுங்கள். உணவோடு நீர் அருந்தாமல், அரைமணி நேரம் கழித்துச் சிறுகச் சிறுக அருந்துங்கள். பதநீரும் கருப்பட்டிக் காப்பியும் இனிப்பே. பைபாஸ் செய்தோர்க்கு அவை படபடப்பும் வயிற்றுப்போக்கும் தரலாம். ஏகாதசி, ரமலான் நோன்பு இருக்க விழைவோர் மருத்துவரைக் கேட்டே தொடங்குக.

அறுவைக்குத் தகுதி இருந்தும், யாவற்றையும் எண்ணி "வேண்டாம்" என்று முடிவெடுப்பதும் தவறன்று. அவர்களுக்கும் மருந்தும் உணவு ஆலோசனையும் உடற்பயிற்சியும் தொடரும். "செய்துகொள்கிறேன்" என்பவர் ஒன்றை நினைவில் கொள்க: அறுவை இரண்டு மணி நேரத்தில் முடியும், அதன் பின்னான கவனிப்பு வாழ்நாள் முழுவதும் தொடரும். அடுத்த முறை வரும்போது உங்கள் குறிக்கோளை ஒரு தாளில் எழுதி, உடன் வரப்போகும் பிள்ளையையும் அழைத்து வாருங்கள். சேர்ந்து பேசி முடிவெடுப்போம்.